கப்பலுக்கு நிபந்தனை

2024 ஜூலை 8, திங்கள்

பஸ்ஸில் பாதி வழி நின்றபடியே போனேன். அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே எங்கள் பிரிவு அதிகாரி அரவிந்த்குமார் சார் கூப்பிட்டார். ஒரு தனியார் கம்பெனி நம் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரைக்குச் சுற்றுலாக் கப்பல் விட அனுமதி கேட்டிருக்கிறதாம். அறுபது பேர் போகிற சிறிய கப்பல். நாகப்பட்டினத்தில் கிளம்பி, வழியில் வெள்ளாத்துப்பட்டினம் என்ற மீனவக் கிராமத்துக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகளைப் படகில் கரைக்கு இறக்கி ஆவுடையார்கோவிலும் திருமயம் கோட்டையும் கொடும்பாளூரும் காட்டிவிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டு போகும். மாவட்டக் குழு சம்மதித்தால் ஜனவரியில் தொடங்கிவிடுவார்கள்.

"நீங்கதான சுற்றுச்சூழல் படிச்சவங்க. என்னென்ன நிபந்தனை போடலாம்னு ஒரு டிராஃப்ட் ரெடி பண்ணுங்க, ஜாஸ்பின்."

நான் இங்கே கான்ட்ராக்ட்டில் இருக்கிற திட்ட உதவியாளர். இதுவரை எழுதியதெல்லாம் குளம் தூர்வாருவது, பிளாஸ்டிக் தடை, இப்படித்தான். கடலைப் பார்ப்பதே வேளாங்கண்ணிக்குப் போகிறபோதுதான். அப்போதும் காலை மட்டும் நனைத்துவிட்டு வந்துவிடுவேன்.

சரி சார் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

ஜூலை 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்து தம்பியைப் பிடித்து உட்கார வைத்தேன். ஜஸ்டின் வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல்களில் எட்டு வருடம் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவன். இந்தத் தடவை ஒப்பந்தம் முடிந்து வந்தவன், இனிப் போகமாட்டேன் என்கிறான். அவன் மனைவி ரீட்டாவும் பிள்ளையும் அம்மாவோடும் என்னோடும் ஆவூரிலேயே இருக்கிறார்கள். "வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி இருக்கு மதினி. டம்ளர் எங்க இருக்குன்னு என்னையக் கேக்குறாரு" என்று ரீட்டா போன வாரம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கப்பல் வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் கெடைக்காதுக்கா. காலையில கப்பல்லயே தின்னுட்டு எறங்குவாங்க. மத்தியானம் கப்பல்லயே வந்து தின்னுவாங்க. கரையில கேக்குறது பாத்ரூம் எங்கன்னு மட்டுந்தான்."

"அப்ப என்ன செஞ்சா கெடைக்கும்?"

யோசித்தான். "ஒரு வேளைச் சாப்பாடு கரையிலதான்னு எழுது. சில ஊர்ல கப்பல் எத்தனை வரலாம், என்னிக்கு வரலாம்னு ஊர்க்காரங்களே முடிவு பண்ணுறாங்க. அங்கயெல்லாம் நாங்க எறங்குனா சிரிச்ச மொகமா இருப்பாங்க. மத்த ஊர்ல எங்களப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவாங்க."

அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கடைசியில் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். நான் நிபந்தனை எழுதுகிற கப்பலில் என் தம்பிக்கு வேலையா? முறையா இது? ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது வாயைத் திறக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

வெள்ளாத்துப்பட்டினம் போனேன். மணமேல்குடி தாண்டி, ஆட்டோவில் எலும்பு நொறுங்க ஒரு பயணம். அலையே இல்லாத கடல். சேறும் சிப்பியுமாகக் கரை. இதைப் பார்க்க யார் கப்பலில் வருவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

பெண்கள் குழுத் தலைவி அன்புமொழி வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டே பேசினார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கப்பல் வரட்டும் மேடம். நாங்க வேணாங்கலை. ஆனா எங்கிட்டு நிப்பாட்டுவாக?"

வரைபடத்தைக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இங்கிட்டா? இங்கதான தாழை கெடக்கு."

தாழை என்று அவர்கள் சொல்வது கடலுக்கு அடியில் வளரும் புல்லை. நண்டு முட்டையிடுவது அதில்தான். கடற்பசு மேய்வதும் அதில்தான். நங்கூரம் இறங்கினால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

அவர் கணவர் வீரய்யா என்னைப் படகில் கூட்டிப்போய்க் காட்டினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. கீழே பச்சை வயல் ஒன்று அசைந்துகொண்டிருந்தது. ஆள் ஆழம்கூட இருக்காது. எங்கள் ஊரில் கார்த்திகை மாதத்து நெல்வயல் காற்றில் சாய்வதுபோல அப்படியே சாய்ந்து நிமிர்ந்தது. வீரய்யா மோட்டாரை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

திரும்பி வந்தபோது நண்டுக் குழம்பும் சோறும் தயாராக இருந்தது. கையெல்லாம் வாசம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 12, வியாழன்

மாவட்டக் குழு ஒப்புக்கொண்டது! புல் இருக்கும் இடத்தில் நங்கூரம் கூடாது, தெற்கே மணல் தரையில் நிலையான மிதவை போட்டு அதில்தான் கட்ட வேண்டும். வாரத்தில் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் மட்டும் வரலாம். மதியச் சாப்பாடு கரையில், பெண்கள் குழுவின் சமையல். கழிவுநீர் ஒரு சொட்டும் கடலில் விழக்கூடாது.

கடைசி நிபந்தனையை நானே திரும்பத் திரும்ப எழுதி வரியைச் செதுக்கியிருந்தேன்: "கப்பலின் கழிவுநீர் முழுவதும் தொட்டியில் சேர்க்கப்பட்டுக் கரையில் ஒப்படைக்கப்பட வேண்டும்." வாசித்தபோது குழுத் தலைவரே தலையாட்டினார்.

கம்பெனியின் மேலாளர் விக்ரம் இளைஞர், பண்பானவர். மிதவைச் செலவுக்கு முணுமுணுத்தார், பிறகு சரி என்றார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, "உங்க தம்பி அப்ளை பண்ணிருக்காரு மேடம். உங்ககிட்ட சொல்லலியா? அனுபவம் இருக்கு, எடுத்துக்குறோம்" என்றார்.

அரவிந்த்குமார் சாரிடம் உடனே போய்ச் சொல்லிவிட்டேன். "நல்லதுதான, உள்ளூர் ஆளுக்கு வேலை குடுக்கணும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2025 ஜனவரி 18, சனி

கப்பல் வந்தது. வெள்ளையாக, நான் நினைத்ததைவிடச் சின்னதாக. குழுவிலிருந்து நாங்கள் எல்லோரும் கரையில் நின்றோம். சேற்றில் இறங்க யோசித்த பயணிகளைப் பெண்கள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். வெள்ளைச் சட்டையில் ஜஸ்டின் கடைசிப் படகில் இறங்கினான். அவன்தான் கப்பலில் சாப்பாடு, அறைகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. எல்லோர் முன்னாலும் எனக்கு சல்யூட் அடித்தான், கழுதை.

சென்னையிலிருந்து வந்த ஒரு பெரியவர் மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். அன்புமொழி என் காதில், "அந்தாளு வீட்ல பொண்டாட்டி இல்ல போல" என்றார்.

அம்மாவுக்கு வீடியோவில் போன் பண்ணி ஜஸ்டினைக் காட்டினேன். அம்மா, "சட்ட நல்லா இருக்குடா" என்று மட்டும் சொன்னது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜஸ்டின் லீவில் வந்தான். அவனே டம்ளர் எடுத்துத் தண்ணீர் குடித்தான். ரீட்டா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

பிப்ரவரி 22, சனி

அன்புமொழி போனில் கத்தினார். என்னை இதுவரை அவர் அப்படிப் பேசியதே இல்லை.

"மேடம், நண்டு வலையில பூராம் எண்ணெயும் நாத்தமுமா வருது. எம் புருசனுக்குக் கையெல்லாம் தடிச்சுப் போச்சு. நேத்துக் கப்பல் போனப்பறம்தான். நீங்கதான ஒரு சொட்டு விழுகாதுன்னீக?"

வந்து பார்க்கிறேன் என்றேன். "வந்து என்னத்தப் பாப்பீக? அது நேரம் கரைஞ்சு போயிரும்" என்று வைத்துவிட்டார்.

கரைஞ்சு போயிரும். ஆமாம். அதைத்தானே நம்பியிருப்பார்கள்?

பிப்ரவரி 23, ஞாயிறு

ஜஸ்டின் வந்திருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அவனாகவே வந்து கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, தொட்டி நெறஞ்சிருச்சு. கழிவு எடுக்க வர்ற லாரி ரெண்டு வாரமா வரல. பாத்ரூம்ல இருந்து தண்ணி மேல ஏறி வருது, பயணிங்க கத்துறாங்க. கேப்டன் வேற வழி தெரியாம கடல்ல தொறந்து விட்டுட்டாரு. நான் அக்காகிட்டதான் சொல்லுறேன். ஆபீசர்கிட்ட சொல்லல."

"நான் என்னடா பண்ணணும்?"

"தெரியல."

போய்விட்டான்.

இதை நான் அலுவலகத்தில் சொன்னால் அவன் என்னிடம் இனி வாயைத் திறப்பானா? சொல்லாவிட்டால் அன்புமொழி முகத்தில் எப்படி முழிப்பேன்? அவனாவது மனசு விட்டுச் சொன்னானே. ஏன்டா சொன்ன? எனக்குத் தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா?

இல்லை. அவன் சொன்னதை எடுக்கமாட்டேன். அன்புமொழியின் புகார் இருக்கிறது. புகார் வந்தால் கப்பலில் ஏறிச் சோதிக்கலாம் என்று நிபந்தனை இருக்கிறது. அது போதும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

முன்னறிவிப்பு இல்லாமல் கப்பலில் ஏறினோம். நான், அரவிந்த்குமார் சார், மீன்வளத்துறையிலிருந்து ஒருவர். தொட்டியில் அடிமட்டம்தான் இருந்தது. லாரி ஓட்டுநரிடம் நேற்றே கேட்டிருந்தேன், இந்த மாதம் பாதிக்கு மேல் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அப்படியென்றால் தொட்டி எப்படிக் காலியானது? மீன்வளத்துறைக்காரர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆவியாப் போயிருச்சோ?" என்றார்.

ஜஸ்டின் கதவருகே கைகட்டி நின்றான். என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டான். நானும் வாங்க போங்க என்றேன்.

விசாரணை முடியும்வரை கப்பல் வரக்கூடாது. உத்தரவில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பிப்ரவரி 26, புதன்

அம்மா என்னோடு பேசவில்லை. அடுப்படியிலிருந்து ரீட்டாவிடம், "சோறு மூடி வச்சிருக்குன்னு ஆபீசர் அம்மாகிட்டச் சொல்லு" என்றது. நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

விசாரணை. எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

குழுத் தலைவர் நடுவில். ஒரு பக்கம் விக்ரம், கேப்டன், ஜஸ்டின். எதிரே அன்புமொழியும் வீரய்யாவும். வீரய்யாவின் கையில் இன்னும் கட்டு.

லாரி வந்ததா என்று கேப்டனைக் கேட்டார்கள். வந்தது என்றார். கண்ணை மேஜையிலிருந்து எடுக்காமல் சொன்னார். வயதானவர். கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை, பயந்தவர். ஓட்டுநர் வரவில்லை என்கிறாரே என்றதற்கு, வேறு லாரி வந்தது என்றார். எந்த லாரி? நினைவில்லை.

நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி பக்கம் திரும்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வரல சார்."

ஜஸ்டின் எழுந்து நின்றிருந்தான்.

"எந்த லாரியும் வரல சார். தொட்டி வழிஞ்சுச்சு. கடல்லதான் விட்டோம். கேப்டன் மட்டும் இல்ல, நான்தான் பாத்ரூம் எல்லாம் பொங்குது, ஏதாவது பண்ணுங்கன்னு அவர நச்சரிச்சேன். அதையும் சேத்துக்கங்க."

கேப்டன் முகத்தை மூடிக்கொண்டார். விக்ரமுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "சார், நாங்க தொட்டி வச்சோம், குழாய் வச்சோம், எல்லாம் வச்சோம். லாரி ஏன் வரல? கொண்டு போனா சுத்திகரிப்பு நிலையத்துல வாங்க மாட்டேங்குறாங்க, அங்க மோட்டார் ரிப்பேரு. அரவிந்த்குமார் சாருக்கு நானே ரெண்டு தடவ போன் பண்ணேன். பாத்துக்கலாம்னாரு. அறுபது பேர் கழிவ நான் எங்க கொண்டு போய் ஊத்துறது, என் வீட்டுலயா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வரி. 'கரையில் ஒப்படைக்கப்பட வேண்டும்.' யாரிடம்? யார் வாங்கிக்கொள்வார்கள்? வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் என்ன செய்வது? இது எதுவும் அதில் இல்லை. கப்பலுக்கு மட்டும் நிபந்தனை போட்டேன். கரைக்குப் போடவில்லை.

எழுந்து அதைச் சொன்னேன். கப்பல் செய்தது தவறு, அதற்குத் தண்டனை வேண்டும். ஆனால் கழிவை வாங்கிக்கொள்ளும் கடமையை நாம் யார் தலையிலும் வைக்கவில்லை, அதை எழுதாமல் விட்டது நான் என்றேன்.

அரவிந்த்குமார் சார், "போன் வந்தது உண்மைதான். நான் தள்ளிப்போட்டுட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். அவரிடம் அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அன்புமொழி எல்லாம் கேட்டுவிட்டுப் பேசினார். "ஐயா, லாரி வரலைன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்குக் கப்பல் வர வேணாம்னு சொல்லியிருப்போம்ல? சோறாக்குறதுக்கு எங்களக் கேட்டீக. இதுக்கு ஏன் கேக்கலை?"



மார்ச் 7, வெள்ளி

ஜஸ்டின் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ரீட்டா அழவில்லை. அழுதால்கூடத் தேவலை.

மார்ச் 19, புதன்

தீர்ப்பு: இந்தப் பருவத்துக்குக் கப்பல் கிடையாது. வலை கெட்டுப்போன குடும்பங்களுக்குக் கம்பெனி ஈடு கொடுக்க வேண்டும். நிபந்தனைகளைத் திருத்தி எழுதிய பிறகுதான் அடுத்த பருவம்.

ஜஸ்டினிடம் விக்ரம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றாராம். அவன் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். தேர் பார்க்க எல்லோரும் போனோம். கூட்டத்தில் அம்மா கால் தடுக்கி என் தோளைப் பிடித்தது. பிடித்தபின் யார் என்று பார்த்தது. விடவில்லை. ஆனால் பேசவும் இல்லை.

ஜூன் 11, புதன்

திருத்திய நிபந்தனைகள் ஒப்புதலாகிவிட்டன. இந்த முறை நான் மட்டும் உட்கார்ந்து எழுதவில்லை. வெள்ளாத்துப்பட்டினம் பள்ளிக்கூடத்தில் பல நாள் உட்கார்ந்து பேசி எழுதினோம். விக்ரமும் வந்து அந்தச் சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். கழிவை வாங்கிக்கொள்வது மாவட்டத்தின் பொறுப்பு. அதற்குக் கரையிலேயே ஒரு தொட்டி, பொறுப்பான அதிகாரி ஒருவர். கரைத் தொட்டி தயாராக இல்லையென்றால் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பவே கூடாது.

கிளம்பலாம், கூடாது என்று யார் சொல்வது? இங்கேதான் சண்டை. அதிகாரி என்றார் அரவிந்த்குமார் சார். கப்பல் கம்பெனி என்றார் விக்ரம். "அதிகாரி புதுக்கோட்டையில இருப்பாரு. கடலு இங்கிட்டு இருக்கு" என்றார் அன்புமொழி.

கடைசியில் ஊரிலிருந்து மூன்று பேர், அதில் இரண்டு பெண்கள். அவர்கள் சொன்னால்தான் கப்பல். இதற்குக் கீழே கையெழுத்துப் போடும்போது தலைவரின் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு போட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜஸ்டின் திரும்ப வெளிநாட்டுக் கப்பலுக்குக் கிளம்பிவிட்டான். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானும் ரீட்டாவும் போனோம். பிள்ளை காரிலேயே தூங்கிவிட்டது. எழுப்ப வேண்டாம் என்றான்.

ரீட்டா தண்ணீர் வாங்கப் போனபோது கேட்டேன், "எம்மேல கோவமாடா?"

"மொதல்ல இருந்துச்சு." பெட்டியின் பிடியை இழுத்து இழுத்து விட்டான். "நீ என்னையச் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தா, சத்தியமா சொல்லியிருக்க மாட்டேன்க்கா. நீ கேக்கல. அந்த வீரய்யா அண்ணன் கையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அவரு வீட்ல எத்தன நாள் சாப்பிட்டிருக்கேன்."

பிறகு, "அம்மாகிட்டப் பேசிட்டேன். பேசிரும். கொஞ்சம் டைம் குடு" என்றான்.

ரீட்டா வந்ததும் இருவரையும் விட்டுவிட்டு நான் காருக்கு வந்துவிட்டேன். அழுகை எனக்குத்தான் வந்தது. ஒரு நல்ல காரியம் நடக்க, எங்க வீட்டுல இருந்துதான் ஆள் போகணுமா? யாரைக் கேட்பது?

அக்டோபர் 15, புதன்

என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இனிக் குடிநீர்த் திட்டங்கள். அரிமளம் பக்கம் ஊர் ஊராகப் போக வேண்டும். கோபத்தில் செய்த மாற்றம் இல்லை, கான்ட்ராக்ட்காரர்களை இப்படித்தான் சுற்றிவிடுவார்கள். அரவிந்த்குமார் சார் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார். கப்பல் விஷயத்தை இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். புது ஆள் வருவார் என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

மனசே சரியில்லை. எழுதிவைத்தது எழுத்தாகவே இருந்துவிடுமோ?

டிசம்பர் 7, ஞாயிறு

அம்மா இன்று, "ஏத்தா, ஒனக்குச் சட்னி போதுமா?" என்று நேராக என்னைக் கேட்டது. போதாது என்றேன். போதுமானதுதான் இருந்தது.

2026 ஜனவரி 24, சனி

இரண்டாவது பருவம் தொடங்கிவிட்டது என்று செய்தித்தாளில்தான் படித்தேன். இரண்டு தடவை கப்பல் வந்து போயிருக்கிறது. போய்ப் பார்க்க ஆசை, வேலை விடவில்லை.

இன்று முற்பகல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அன்புமொழியிடமிருந்து போன். போன வருடம் வந்த போன்தான் மனதில் வந்து நின்றது.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இன்னைக்கிக் கப்பல் வராது, அதான் சும்மா சொல்லலாம்னு."

"ஏன்?"

"கரைத் தொட்டி குழாயில ஒழுகல். நேத்துச் சாயங்காலமே பாத்துட்டோம். அந்த விக்ரம் தம்பிக்குப் போனப் போட்டு, வராதீகன்னு சொல்லியாச்சு. ரிப்பேர் பண்ண ஆளு வந்துருக்காக, இந்தா, பாத்துக்கிட்டு நிக்கிறேன். திங்கக்கெழமைக்குள்ள சரியாயிரும்."

"அவரு ஒத்துக்கிட்டாரா? பயணிங்க எல்லாம் வந்திருப்பாங்களே?"

"கத்துனாரு. கத்திட்டு, சரிங்கன்னாரு. சமைக்க வாங்கிப்போட்ட நண்டத்தான் என்ன பண்ணுறதுன்னு தெரியல, ஆக்கிப்போட்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கோம்."

"புது அதிகாரிகிட்டச் சொன்னீங்களா?"

"யாரு அது? இன்னும் வரவே இல்ல."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இரு ஜாஸ்பினு, இவன் குழாயத் தப்பா மாட்டுறான்" என்று வைத்துவிட்டார். மேடம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அம்மா முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே கேட்டது. "யாரு போன்ல?"

"வெள்ளாத்துப்பட்டினம். இன்னைக்குக் கப்பல் வரக்கூடாதுன்னு நிப்பாட்டிட்டாங்களாம்."

"மறுபடியுமா? நீயாத்தா நிப்பாட்டுன?"

"இல்லம்மா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தது. பிறகு அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தது. நானும் பொறுக்கினேன்.